வீட்டிலேயே பெரிப் பழங்களைக் காயவைப்பது: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ட்ராபெரியும் புளூபெரியும் விலை இறங்கும் வாரங்களில் நாலைந்து டப்பா சேர்த்து வாங்கிக் காயவைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் பலர். சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றுபோலவே வருவதால், பதில்களை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை வறண்ட காற்றுள்ள ஊர்களுக்கானவை. இங்கே பழத்தைக் காயவைப்பது ஒரு வேலை என்றால், காய்ந்த பழத்தைக் காற்று மறுபடியும் நனைத்துவிடாமல் காப்பது அதைவிடப் பெரிய வேலை. கீழே உள்ள பதில்களில் பல அதைப் பற்றித்தான்.

1. எந்தப் பெரி காயவைக்க நல்லா வரும்?

முதல் முறை செய்பவர்களுக்கு ஸ்ட்ராபெரிதான். வெட்டினால் போதும், காயும். புளூபெரியும் நன்றாக வரும், ஆனால் தோலை உடைக்கும் வேலை ஒன்று கூடுதலாக இருக்கிறது (கேள்வி 8). ராஸ்பெரி, பிளாக்பெரி இரண்டும் காய்ந்தபின் விதைதான் அதிகம் தெரியும், தொட்டால் உதிரும். பொடியாக்கித் தயிரிலோ லஸ்ஸியிலோ போட நினைத்தால் மட்டும் காயவையுங்கள்.

கடினமாக, உள்ளேயும் சிவந்து பழுத்த ஸ்ட்ராபெரி வாங்குங்கள். வெளியே சிவப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருக்கும் பழம் காய்ந்தால் புளிப்பும் வைக்கோல் வாசனையும்தான் மிஞ்சும். ஆண்டு முடிவிலிருந்து வசந்தம்வரை வரும் கொரியப் பழம் மணமும் இனிப்பும் நிறைந்தது. அதை அப்படியே சாப்பிடுவதுதான் நியாயம். காயவைக்க ஆஸ்திரேலிய, அமெரிக்கப் பழங்களே போதும். சதை கெட்டியாக இருப்பதால் வில்லை உடையாமல் வரும்.

2. ஊர்ல மொட்டை மாடியில வத்தல் போடுற மாதிரி இங்க வெயில்ல வச்சா என்ன?

வெயிலில் பழம் காய 30 டிகிரிக்கு மேல் வெப்பமும் 60 விழுக்காட்டுக்குக் குறைவான ஈரப்பதமும் சேர்ந்தாற்போல் சில நாள் வேண்டும். வெப்பம் நமக்கு இருக்கிறது. ஈரப்பதம்தான் இடிக்கிறது. மழையில்லாத நாளில் பிற்பகலில் மட்டும் அது 60 அளவுக்கு இறங்கும். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். பகலில் பழம் விட்ட ஈரத்தை இரவில் திரும்ப வாங்கிக்கொள்ளும். இரண்டாம் நாளே புளித்த வாடை வரும், மூன்றாம் நாள் பூஞ்சை.

வத்தலுக்கு உப்பும் புளித்த மோரும் காவல். இனிப்புப் பழத்துக்கு அந்தக் காவல் இல்லை. அது போக, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஜன்னல் விளிம்பிலோ துணி காயப்போடும் கம்பின் மேலோ தட்டு வைப்பது கீழே நடப்பவர்களுக்கு ஆபத்து. பொதுத் தாழ்வாரத்தில் வைத்தால் எறும்பும் புறாவும் முந்திக்கொள்ளும்.

3. டிஹைட்ரேட்டரும் (சூடான காத்தை ஓட்டிப் பழத்தை உலர்த்துற மெஷின்) இதே ஈரக்காத்தைத்தானே உள்ள இழுக்குது? அதுல மட்டும் எப்படிக் காயுது?

நல்ல கேள்வி. இது புரிந்தால் மற்றவை தானாகப் புரியும். காற்று சூடாக ஆக அது பிடித்துவைக்கக்கூடிய நீராவியின் அளவு வேகமாகக் கூடும். 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள நம் வீட்டுக் காற்றை 58 டிகிரிக்குச் சூடாக்கினால், உள்ளே இருக்கும் நீராவி கூடாமல் குறையாமல் அப்படியே இருந்தும் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிடும். அந்த வறண்ட காற்றை விசிறி பழத்தின்மேல் ஓட்டுகிறது, ஈரத்தை அள்ளிக்கொண்டு அது வெளியேறுகிறது.

அதே காற்றை 40 டிகிரிக்கு மட்டும் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய 45 விழுக்காட்டில் நின்றுவிடும். சத்து போகாமல் இருக்க 40 டிகிரியில் காயவையுங்கள் என்ற குறிப்பு இங்கே பலிக்காததற்குக் காரணம் இதுதான். பழம் காய்வதற்குள் புளித்துவிடும். குளிர்சாதனம் ஓடும் அறையில் 25 டிகிரியும் 60 விழுக்காடும் இருந்தால், அந்தக் காற்று 58 டிகிரியில் 10 விழுக்காடு அளவுக்கு இறங்கும். வேலை இன்னும் சுருக்காக முடியும். ஆனால் இதற்காகவே குளிர்சாதனத்தைப் போடுவது வீண் செலவு. பிற்பகலில் ஜன்னல் திறந்த அறையே போதும். சமையல் நடக்கும் நேரத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

4. எந்த மாதிரி டிஹைட்ரேட்டர் வாங்கலாம்? கரண்ட் பில் எகிறுமா?

விசிறி பின்பக்கம் இருந்து கிடையாகக் காற்று ஓட்டும் பெட்டி வகை நல்லது. எல்லாத் தட்டிலும் சூடு ஓரளவு சமமாகப் பரவும். அடியில் விசிறியுள்ள அடுக்கு வகை மலிவு, ஆனால் கீழ்த்தட்டு கருகும்போது மேல்தட்டு ஈரமாகவே இருக்கும். இரண்டு மூன்று மணிக்கொரு முறை தட்டுகளை மேலும் கீழும் மாற்ற வேண்டியிருக்கும். எந்த வகையானாலும் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். இணையத்தில் வாங்கும்போது 230 வோல்ட்டுக்கானதா என்று பாருங்கள். அமெரிக்க மாதிரிகள் பல 120 வோல்ட்.

400 வாட் இயந்திரம் 10 மணி நேரம் முழுவேகத்தில் ஓடினாலும் 4 யூனிட்தான். யூனிட் ஏறக்குறைய 30 காசு என்று வைத்தால் 1 வெள்ளி 20 காசு. பழத்தின் விலைதான் செலவு, மின்சாரம் இல்லை.

5. அதுக்குன்னு தனி மெஷின் வாங்கணுமா? ஓவன், ஏர் ஃபிரையர், மைக்ரோவேவ்ல செய்யக் கூடாதா?

ஓவனில் செய்யலாம், குறைந்த வெப்பம் 60 டிகிரிக்கு வருமானால். சில ஓவன்கள் 100-க்குக் கீழே இறங்காது, அவை வேண்டாம். விசிறியைப் போட்டு, ஈரம் வெளியேற வழிவிட்டுக் கதவிடுக்கில் மரக்கரண்டி ஒன்றைச் செருகுங்கள். வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பாருங்கள், குமிழ் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பல ஓவன்களில் ஒத்துப்போவதில்லை. நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கதவு திறந்த ஓவன் வேண்டாம்.

ஏர் ஃபிரையரில் உலர்த்தும் வசதி தனியாக இருந்தால் சரி. ஒரு டப்பா பழத்துக்குமேல் கொள்ளாது. அந்த வசதி இல்லாமல் 80 டிகிரியில் தொடங்குபவற்றில் என்ன ஆகும் என்பதைக் கேள்வி 10-இல் பாருங்கள். மைக்ரோவேவ் பழத்தை வேகவைக்கும், காயவைக்காது.

6. கழுவும்போது வினிகர் போடணுமா?

குழாய்த் தண்ணீரே போதும். காயவைக்கப்போகும் நேரத்தில்தான் கழுவ வேண்டும். ஸ்ட்ராபெரியைக் காம்போடு கழுவி அதன்பின் காம்பை எடுங்கள். முதலில் எடுத்தால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஊறவைக்காதீர்கள். துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றி எடுங்கள். விரும்பினால் ஒரு பங்கு வினிகர், நாலு பங்கு தண்ணீரில் ஒரு நிமிடம் அலசி மறுபடி கழுவலாம்.

பூஞ்சை பிடித்த பழத்தை எந்த வினிகரும் சரிசெய்யாது. அதையும் அதை ஒட்டிக்கொண்டிருந்த பழங்களையும் தூக்கிப் போடுங்கள். அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் காயவைப்பது தவறு. அடிபட்டு நசுங்கிய, ஆனால் பூஞ்சையில்லாத பழத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

7. ஸ்ட்ராபெரிக்கு அளவு என்ன, எத்தனை மணி நேரம்?

6 மில்லிமீட்டர் கனத்தில் வில்லைகளாக வெட்டுங்கள். 3 மில்லிமீட்டருக்கு வெட்டினால் தட்டின் வலையில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். 1 சென்டிமீட்டருக்கு மேல் போனால் நடுவில் ஈரம் நிற்கும். எல்லா வில்லையும் ஒரே கனமாக இருப்பதுதான் முக்கியம். ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, 57 டிகிரியில் வைக்க வேண்டும். நாலு மணி நேரம் கழித்து ஒருமுறை திருப்பிப் போட்டால் வலையில் பிடித்துக்கொள்ளாது.

வெளிநாட்டுக் குறிப்புகளில் 6 மணி நேரத்திலிருந்தே கணக்கு தொடங்கும். இங்கே 8 முதல் 12 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், மழைநாளில் அதற்கும் மேல் போகலாம். கடிகாரத்தை நம்பாமல் எடையை நம்புங்கள் (கேள்வி 11).

8. புளூபெரி 20 மணி நேரம் ஓடியும் உப்பலாவே இருக்கு. மெஷின்ல கோளாறா?

இயந்திரத்தில் ஒன்றும் இல்லை. புளூபெரியின் மேல் சாம்பல் பூத்தாற்போல் தெரிவது மெழுகு. பழத்துக்குள் இருக்கும் நீர் வெளியேறாமல் தடுப்பதற்காகவே இயற்கை அதைப் பூசியிருக்கிறது. அதை உடைக்காமல் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் உள்ளே சாறு அப்படியே இருக்கும்.

பெரிய பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். 250 கிராம் பழத்தைக் கம்பி வடிகட்டியில் போட்டு 30 விநாடி முக்கி எடுத்து, உடனே பனிக்கட்டி போட்ட தண்ணீரில் இறக்குங்கள். கொதிப்பு அடங்கிவிடும் அளவுக்கு ஒரே நேரத்தில் பழத்தைக் கொட்டினால் தோல் வெடிக்காது, பழம் வெந்து குழையும். சரியாக வந்த பழத்தை வெளிச்சத்தில் பார்த்தால் சாம்பல் பூச்சு போய்க் கருநீலமாக மினுங்கும், தோலில் மயிரிழைக் கீறல் ஒன்றிரண்டு தெரியும். கீறல் இல்லாதவற்றைப் பல்குச்சியால் ஒரு குத்து குத்திவிடுங்கள். ஈரம் ஒற்றி, நெருக்கமான வலையில் பரப்பி, 57 டிகிரியில் 14 முதல் 20 மணி நேரம். சுருங்கியபின் சாதாரணத் தட்டின் இடுக்கில் விழுந்துவிடும் என்பதால் நெருக்கமான வலை வேண்டும்.

பொறுமை இல்லையென்றால் ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். அழகு போகும், ஆனால் நேரம் நன்றாகக் குறையும்.

9. ஃப்ரோசன் பெரி மலிவா இருக்கே, அதைப் போடலாமா?

போடலாம். புளூபெரிக்கு அதுவே சௌகரியம். உறையும்போது உள்ளிருக்கும் நீர் பனியாகி விரிந்து தோலையும் சதையையும் கிழித்துவிடுவதால் கொதிநீர் வேலை மிச்சம். வடிகட்டியில் வைத்து ஃப்ரிட்ஜுக்குள் உருகவிட்டு, வடியும் சாற்றைத் தனியே எடுத்து ஷர்பத்துக்கு வைத்துக்கொண்டு, பழத்தைப் பரப்புங்கள். உறைந்த ஸ்ட்ராபெரி மட்டும் உருகியதும் தளர்ந்துவிடும், வில்லையாக நிற்காது. அதை அரைத்துப் பேக்கிங் தாளில் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி, 60 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம் காயவைத்துச் சுருட்டுங்கள். ஓரம் முதலில் காய்ந்து நொறுங்கும், ஆகவே பூசும்போதே ஓரத்தைக் கொஞ்சம் கனமாக விடுங்கள்.

10. 80 டிகிரியில வச்சா பாதி நேரத்துல முடிஞ்சிடுமே?

முடிந்ததுபோலத் தெரியும். மேற்பரப்பு மளமளவென்று காய்ந்து இறுகிக்கொள்ளும், உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியே வர வழி இருக்காது. தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும். பாட்டிலில் போட்டு நாலு நாள் கழித்து அந்த ஈரம் மெல்ல வெளியே கசிந்து பூஞ்சை பிடிக்கும். பழச்சர்க்கரை கருகிக் கசப்பும் ஏறும். 57 முதல் 60 டிகிரி என்பது இரண்டு பக்கமும் பார்த்து வைத்த அளவு.

11. காய்ஞ்சிடுச்சான்னு உறுதியா எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சூடாக இருக்கும்போது எல்லாப் பழமும் மென்மையாகத்தான் இருக்கும். மூன்று நான்கு துண்டை எடுத்துப் பத்து நிமிடம் மூடிய டப்பாவில் ஆறவிட்டுப் பாருங்கள். ஸ்ட்ராபெரி வில்லையை மடித்தால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளக் கூடாது. புளூபெரியைக் குறுக்கே வெட்டி நகத்தால் அழுத்தினால் ஈரம் துளிர்க்கக் கூடாது.

இதைவிட உறுதியானது தராசு. ஸ்ட்ராபெரியில் ஏறக்குறைய 91 விழுக்காடு தண்ணீர், புளூபெரியில் 84. காம்பெடுத்த 500 கிராம் ஸ்ட்ராபெரியில் தண்ணீரைத் தவிர்த்த பங்கு 45 கிராம்தான். காய்ந்து முடிந்ததும் மொத்தம் 50 முதல் 60 கிராம் இருக்க வேண்டும். 500 கிராம் புளூபெரி 95 முதல் 100 கிராமுக்கு வரும். மிக இனிப்பான பழத்தில் சில கிராம் கூடுதலாக நிற்கும். தொடங்கும்போதே எடையைக் குறித்துவையுங்கள். 500 கிராம் ஸ்ட்ராபெரி 80 கிராமில் இருக்கிறதென்றால், கைக்கு எப்படித் தெரிந்தாலும் அது காயவில்லை.

12. ராத்திரி மெஷினை ஆஃப் பண்ணிட்டுக் காலையில தொடரலாமா?

கூடாது. பாதி காய்ந்த பழம் வெதுவெதுப்பாக, மூடிய பெட்டியில், நம் இரவுக் காற்றில் நிற்பது புளிப்பதற்கான சூழல். தவிர்க்கவே முடியாவிட்டால் பழத்தை டப்பாவில் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் மீதியை முடியுங்கள். காலையில் திறக்கும்போது கள் வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். பாதி காய்ந்த தட்டுகளுக்கு நடுவே புதிதாக வெட்டிய பழத்தைச் செருகுவதும் வேண்டாம், அதன் ஈரம் பழையதன்மேல் ஏறும்.

13. எடுத்தப்ப சரியா இருந்துச்சு. சாயங்காலமே சவசவன்னு ஆயிடுச்சு, ஏன்?

தட்டிலேயே ஆறட்டும் என்று விட்டிருப்பீர்கள். காய்ந்த பழம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குச் சமமாகும்வரை நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தச் சமநிலை 65 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்குப் பெரும்பாலும் வேலையில்லை. நம் வீட்டுக் காற்றோ பெரும்பாலான நேரம் 80-ஐ ஒட்டி நிற்கிறது. அதாவது கிண்ணத்தில் திறந்து வைத்த காய்ந்த பழம் நாளடைவில் பூஞ்சை பிடிக்கும் நிலைக்கே போய்ச் சேரும்.

இயந்திரத்தை நிறுத்தியதும் 15 முதல் 20 நிமிடத்துக்குள் ஆறவைத்து, கையோடு கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். ஏற்கெனவே சவசவத்துப்போனதை அதே நாளில் கண்டுபிடித்தால் 57 டிகிரியில் ஓரிரு மணி நேரம் மறுபடி ஓட்டலாம்.

14. ஒரு வாரம் பாட்டிலைக் குலுக்கணும்கிறாங்க, அது எதுக்கு?

எவ்வளவு கவனமாக வெட்டினாலும் சில துண்டு கூடவும் சில குறைவாகவும் காயும். பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி மூடி, 7 நாள் தினமும் ஒருமுறை குலுக்கினால் ஈரம் எல்லாத் துண்டுக்கும் சமமாகப் பரவும். இது சோதனையும்கூட: கண்ணாடியின் உட்புறம் ஒரு துளி பனித்தாலும் எல்லாவற்றையும் மறுபடி காயவைக்க வேண்டும். இங்கே இந்த ஒரு வாரத்தைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பெரும்பாலும் கேள்வி 16-க்கு வந்து சேர்கிறார்கள்.

15. எத்தனை மாசம் தாங்கும்? ஃப்ரிட்ஜ் அவசியமா?

வழக்கமான கணக்கு: 15 டிகிரியில் ஓராண்டு, 27 டிகிரியில் ஆறு மாதம். நம் சமையலறை அலமாரி 30-ஐ நெருங்கும் இடம், ஆகவே மூன்று மாதத்துக்கு மேல் நம்ப வேண்டாம். ஃப்ரிட்ஜில் ஆறேழு மாதமும் உறைபெட்டியில் ஓராண்டும் வையுங்கள். எறும்புத் தொல்லையும் இருக்காது.

ஒரே பெரிய பாட்டிலாக வைக்காமல், ஒரு வாரத்துக்கு ஆகும் அளவில் சிறு பாட்டில்களாகப் பிரித்துவிடுங்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே போகிறது. குளிரில் இருந்து எடுத்த பாட்டிலை உடனே திறக்கவும் கூடாது. அரை மணி நேரம் வெளியே வைத்து, பாட்டிலின் சில்லிப்பு போனபின் திறங்கள். முன்பே திறந்தால் குளிர்ந்த பழத்தின் மேலேயே காற்றின் ஈரம் நீராக இறங்கும். உணவுக்கென்று விற்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டுவைக்கலாம், ஆனால் சரியாகக் காயாத பழத்தை அது காப்பாற்றாது.

16. மேல வெள்ளையா பூத்திருக்கு. பூஞ்சையா, சர்க்கரையா?

ஒரு துண்டை வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். சர்க்கரைப் படிகமானால் கரைந்து மறையும். பூஞ்சை கரையாது, பஞ்சாக நிற்கும். பச்சை, கறுப்பு நிறம் தெரிந்தாலும் மக்கிய வாடை வந்தாலும் சோதனையே வேண்டாம், முழுப் பாட்டிலையும் எறியுங்கள்.

17. கடையில விக்கிறது பளிச்சுன்னு, மொறுமொறுன்னு இருக்கு. நமக்கு ஏன் வர மாட்டேங்குது?

கடையில் கிடைக்கும் மொறுமொறு ஸ்ட்ராபெரி உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தியது. நம் இயந்திரத்தால் அது முடியாது, நம்முடையது மென்று சாப்பிடும் வகை. சில காய்ந்த பழங்களின் பளிச்சென்ற நிறத்துக்குக் காரணம் கந்தக டைஆக்சைடு, அதாவது சல்ஃபைட் வகைப் பதப்பொருள். கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்ஃபைட் இருந்தால் சிங்கப்பூரில் அதைச் சீட்டில் குறிப்பிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைப் படித்துப் பார்ப்பது நல்லது. வீட்டில் நிறம் கொஞ்சம் நிற்க வேண்டுமானால், சம அளவு எலுமிச்சைச் சாறும் நீரும் கலந்து வில்லைகளைச் சில நிமிடம் நனைத்து வடித்துவிடுங்கள்.

18. எனக்குச் சர்க்கரை இருக்கு, பேரனுக்கு ரெண்டு வயசு. ரெண்டு பேரும் சாப்பிடலாமா?

கேள்வி 11-இன் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: 25 கிராம் காய்ந்த ஸ்ட்ராபெரி என்பது ஒரு முழு டப்பா, 250 கிராம் பழம். தண்ணீர்தான் போனது, சர்க்கரை முழுக்க உள்ளேதான் இருக்கிறது. கைநிறைய அள்ளினால் அளவு தெரியாது, எடை போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உணவுத்திட்டத்தில் எவ்வளவு பொருந்தும் என்பதை மருத்துவரோ உணவியல் வல்லுநரோ சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு முழுப் புளூபெரியும் கடினமான வில்லையும் தொண்டையில் சிக்கும். பொடியாக்கிக் கஞ்சியிலோ தயிரிலோ கலந்து கொடுங்கள்.

19. தேக்கா சந்தையில வாங்குற சுண்டைக்காய், மணத்தக்காளியையும் இதே மெஷின்ல போடலாமா?

தாராளமாக. மழை மாதங்களில் வத்தல் போட இதைவிட நல்ல வழி இங்கே இல்லை. 250 கிராம் சுண்டைக்காயைக் காம்பு நீக்கி, ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டிப் பிளந்து, 250 மில்லி கெட்டியான புளித்த மோரில் 25 கிராம் உப்பு கலந்து ஊறவிடுங்கள். இரவு முழுதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், நம் வெப்பத்தில் வெளியே வைத்தால் மோர் திரிந்து வாடை ஏறும். காலையில் நன்றாக வடித்து 58 டிகிரியில் 5 மணி நேரம். மாலையில் அதே மோருக்குள் திரும்பப் போடுங்கள். மோர் வற்றும்வரை இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்து, கடைசி நாளில் நிறுத்தாமல் ஓட்டி முடியுங்கள். மணத்தக்காளிக்குப் பிளக்க வேண்டாம், நெருக்கமான வலை மட்டும் வேண்டும்.

மோர் சொட்டும் என்பதால் அடியில் விசிறியுள்ள இயந்திரத்தில் ஒரு சொட்டுகூட வடியாமல் துணியில் ஒற்றிய பிறகே வையுங்கள். குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும், கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். பழம்போல மென்மையாக விட்டால் எண்ணெயில் பொரியாது. அடுத்து ஸ்ட்ராபெரி போடுவதற்கு முன் வலைகளைச் சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்துக் கழுவி, வெறும் இயந்திரத்தை அரை மணி நேரம் ஓட்டிவிடுங்கள். மோர் வாடை பழத்தில் ஏறினால் போகாது.